மூன்று மணிக்கு ஓர் இடம்

அமெரிக்காவில் பிள்ளை வீட்டுக்குப் போய் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தவர்கள் உங்கள் தெருவில் யாராவது இருப்பார்கள். கேட்டுப் பாருங்கள். "ஹைவேயில பஸ் மாதிரி ஒரு வண்டி போகும் சார். உள்ளேயே கட்டில், அடுப்பு, பாத்ரூம் எல்லாம் இருக்கும். பின்னாடி ஒரு காரையும் கட்டி இழுத்துக்கிட்டுப் போவான். கொடுத்து வெச்சவன்!" என்பார்கள்.

அந்த வண்டிக்கு ஆர்.வி. என்று பெயர். 1 கோடியே 12 லட்சம் அமெரிக்கக் குடும்பங்களிடம் இந்த வண்டி இருப்பதாக 2021-ல் தயாரிப்பாளர்களின் சங்கமே ஒரு கணக்கு சொன்னது. தள்ளிக்கொண்டு போகும் டப்பா முதல் ஒரு லட்சம் டாலரைத் தாண்டும் மாளிகை வரை ரகம் ரகமாக உண்டு. விளம்பரத்தில் மட்டும் எல்லாவற்றுக்கும் ஒரே வார்த்தைதான். சுதந்திரம். சாவியைத் திருப்பு, நினைத்த இடத்துக்குப் போ, நினைத்த இடத்தில் தூங்கு!

அந்த வார்த்தையோடுதான் எனக்குச் சண்டை. சக்கரத்தில் அந்தச் சுதந்திரம் இல்லை. சாயங்காலம் போய்ச் சேருகிற இடத்தில், நம்பர் எழுதி நட்டு வைத்திருக்கும் ஒரு சின்னக் கம்பத்தில் இருக்கிறது. அந்தக் கம்பத்தை நட்டது எந்த வண்டிக் கம்பெனியும் இல்லை. அரசாங்கம்.

ஒரே ஒரு நாள் பயணத்தை எடுத்துக்கொள்வோம். ஃபுளோரிடா மாநிலம். அட்லாண்டிக் கரையோரம் ஜொனதன் டிக்கின்சன் மாநிலப் பூங்கா. அங்கிருந்து உள்நாட்டில் செப்ரிங் ஊருக்குப் பக்கத்திலிருக்கும் ஹைலண்ட்ஸ் ஹாமக் மாநிலப் பூங்கா. தூரம் ஏறக்குறைய 100 மைல், நம் கணக்கில் 160, 170 கிலோமீட்டர். காரில் இரண்டு மணி நேரத்துச் சமாச்சாரம். இதற்கு ஒரு முழு நாளை ஒதுக்குகிறார்கள் ஓய்வு பெற்ற கணவனும் மனைவியும். அவர்களுக்குள் '3-3-3' என்று ஒரு கணக்கு புழங்குகிறது. ஒரு நாளைக்கு 300 மைலுக்கு மேல் ஓட்டாதே, மதியம் 3 மணிக்குள் போய்ச் சேர், போன இடத்தில் 3 ராத்திரியாவது தங்கு. இவர்கள் அதையும் பாதிக்கும் கீழே குறைத்துக்கொண்டவர்கள்.

காலையில் அவசரமே கிடையாது. காபி. பக்கத்து வண்டிக்காரரிடம் நாய் பற்றிக் கொஞ்சம் பேச்சு. பிறகு மூட்டை கட்டும் படலம். வெளியே இழுத்து விட்ட அறையை உள்ளே தள்ள வேண்டும். தண்ணீர்க் குழாயைக் கழற்ற வேண்டும். மின்சார ஒயரைச் சுருட்ட வேண்டும். வாசலில் விரித்த பந்தலை மடக்க வேண்டும். அலமாரிக் கதவுகள் பூட்டியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும், இல்லையென்றால் முதல் திருப்பத்திலேயே ஊறுகாய் பாட்டில் தரைக்கு வந்துவிடும். எல்லாம் முடிந்து வாசல் பக்கம் போனால் கழிவுத் தொட்டியைக் காலி செய்யும் இடம். கையுறை மாட்டிக்கொண்டு தடிமனான ஒரு குழாயைப் பொருத்தி, வண்டியின் வயிற்றிலிருப்பதையெல்லாம் தரைக்கடியில் இறக்க வேண்டும். எந்த விளம்பரத்திலும் இந்தக் காட்சி வராது. ஆனால் இந்த ஓர் இடம் இல்லாவிட்டால் மூன்றாம் நாள் சுதந்திரம் நாறிவிடும்!

அப்புறம் பயணம். இந்தியன்டவுன் வழியாகப் போகிறார்கள். குவாத்தமாலா உள்நாட்டுப் போருக்குத் தப்பி 1980-களில் வந்த மாயா இனத்து விவசாயத் தொழிலாளர்கள் குடியேறிய ஊர் அது. அதைத் தாண்டினால் மாட்டுப் பண்ணைகள். பிறகு ஓக்கிச்சோபி ஏரி, ஃபுளோரிடாவிலேயே பெரியது. ஆனால் சாலையிலிருந்து பார்த்தால் பெரும்பாலும் ஏரி தெரியாது, புல் முளைத்த கரைதான் தெரியும். 1928-ல் அடித்த புயலில் ஏரி பொங்கி 2,500 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். பெரும்பாலோர் கறுப்பின விவசாயக் கூலிகள். அதற்குப் பிறகு எழுப்பியதுதான் ஏரியைச் சுற்றி 143 மைல் நீளத்துக்கு நிற்கும் இந்தக் கரை. நம் தம்பதி வண்டியை ஓரங்கட்டிக் கரைமேல் ஏறித் தண்ணீரைப் பார்க்கிறார்கள். சாண்ட்விச் சாப்பிடுகிறார்கள். அரை மணி நேரத் தூக்கம்கூட உண்டு, கட்டில்தான் கூடவே வருகிறதே!

மூன்று மணிக்குப் புதிய பூங்கா. பழைய ஓக் மரங்கள், சதுப்பு நிலத்தின் மேல் மரப்பாலம், முதலைகள். வாசலில் பெயர் சொன்னால் போதும். பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்த இடம் காத்திருக்கிறது. நம்பர் போட்ட கம்பம், தண்ணீர்க் குழாய், மின்சாரப் பெட்டி, ஒரு மர மேஜை, விறகு மூட்ட ஓர் இரும்பு வளையம். நாலு மணிக்கெல்லாம் நாற்காலி போட்டு உட்கார்ந்தாயிற்று.

சும்மா சொல்லக் கூடாது, நல்ல வாழ்க்கைதான். எனக்குப் பொறாமையாகக்கூட இருக்கிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். அன்றைக்கு முழுக்க அந்த இரண்டு பேருக்கும் அவசரமில்லாமல் இருந்ததற்கு என்ன காரணம்? வண்டியா? இல்லை. மூன்று மணிக்கு ஓர் இடம் நிச்சயம் என்ற நம்பிக்கை. இடம் நிச்சயமானவன்தான் ஏரிக்கரையில் தூங்குவான். நிச்சயமில்லாதவன் மதியத்திலிருந்தே வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓட்டுவான்.

அந்த இடத்தை உண்டாக்கியவர்கள் யார்? ஹைலண்ட்ஸ் ஹாமக்கிலேயே ஒரு சின்ன மியூசியம் பதில் சொல்கிறது. 1930-களின் பெருமந்தத்தில் வேலையில்லாமல் தெருவில் நின்ற இளைஞர்களுக்காக ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 1933-ல் ஒரு படை அமைத்தார். மாதம் 30 டாலர் சம்பளம். அதில் 25 டாலரை வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். 1942 வரை ஏறக்குறைய 30 லட்சம் பேர் அதில் வேலை பார்த்தார்கள். அமெரிக்கா முழுக்க எத்தனையோ மாநிலப் பூங்காக்களின் பாதை, பாலம், கட்டடம் எல்லாம் அவர்கள் கைவேலை. இந்தப் பூங்காவிலும் அவர்கள் உழைத்திருக்கிறார்கள். அந்தப் படையிலும் கறுப்பு இளைஞர்களுக்குத் தனி முகாம்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆக, இன்றைக்கு மர நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவரின் நிதானம், வீடில்லாமல், வேலையில்லாமல் அலைந்த பையன்களின் முதுகில் கட்டியது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இனி 2024-க்கு வருவோம். அந்த ஒரே வருஷத்தில் ஃபுளோரிடாவில் இரண்டு காரியங்கள் நடந்தன.

ஒன்று, ஆகஸ்டில். ஒன்பது மாநிலப் பூங்காக்களை 'மேம்படுத்த' அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. நம் தம்பதி காலையில் கிளம்பினார்களே, அதே ஜொனதன் டிக்கின்சனில் கோல்ஃப் மைதானங்கள். வேறு பூங்காக்களில் 350 அறை வரை கொள்ளும் ஹோட்டல்கள். ஃபுளோரிடாவைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஸ்க்ரப் ஜே என்ற நீலப் பறவை வாழும் புதர்க்காட்டில் கோல்ஃப்! கருத்துக் கேட்கும் கூட்டங்களை ஒரே நாளில், ஒரே நேரத்தில் வைத்தார்கள். ஜனங்கள் கொதித்துவிட்டார்கள். இந்தக் கட்சி அந்தக் கட்சி என்ற பேதமே இல்லை. எப்போது பார்த்தாலும் அரசாங்கத்தைச் சுருக்கு, வரியைக் குறை என்று கோஷம் போடுகிறவர்கள்கூட, "எங்கள் பூங்காவில் கை வைக்காதே" என்று தெருவுக்கு வந்தார்கள். சில நாட்களிலேயே திட்டம் வாபஸ். 2025 மே மாதம் இப்படிப்பட்ட கட்டுமானங்களைப் பூங்காக்களில் தடை செய்யும் சட்டமே வந்துவிட்டது. பொதுச் சொத்தைப் பொதுஜனம் காப்பாற்றிய அருமையான கதை. கை தட்டுவோம்.

இரண்டாவது காரியத்துக்கு அவ்வளவு பேர் தெருவுக்கு வரவில்லை. அதே வருஷம் மார்ச்சில் ஒரு சட்டம் கையெழுத்தானது. அக்டோபரில் அமலுக்கு வந்தது. பொது இடத்தில் யாரும் வழக்கமாகப் படுத்துறங்கவோ முகாம் போடவோ எந்த கவுண்டியும் எந்த நகராட்சியும் அனுமதிக்கக் கூடாது. அனுமதித்தால் உள்ளூர்க்காரர்களும் வியாபாரிகளும் அந்த நிர்வாகத்தின் மேலேயே வழக்குப் போடலாம். அந்தச் சட்டத்துக்கு விதிவிலக்கு இருக்கிறது. யாருக்குத் தெரியுமா? அதற்கென்று ஒதுக்கிய இடத்தில் 'பொழுதுபோக்குக்காக' முகாம் போடுகிறவர்களுக்கு!

ஆர்.வி. என்ற பெயரில் முதல் எழுத்தான 'ஆர்' எதைக் குறிக்கிறது என்று கேளுங்கள். பொழுதுபோக்கைத்தான். வண்டியின் பெயரிலும் அந்த வார்த்தை, சட்டத்தின் விதிவிலக்கிலும் அதே வார்த்தை. வெளியே படுப்பது தப்பில்லையாம். வேறு வழியில்லாமல் படுப்பதுதான் தப்பாம்!

வண்டிக்குள் தூங்குகிறவருக்கும் ஒரு விதிவிலக்கு உண்டு. வண்டி பதிவு ஆகியிருக்க வேண்டும், இன்ஷூரன்ஸ் இருக்க வேண்டும், சட்டப்படி நிறுத்தக்கூடிய இடத்தில் நிற்க வேண்டும். வாடகை கட்ட முடியாமல் பழைய வேனில் குடியிருக்கும் அறுபத்தைந்து வயது அம்மாளிடம் முதலில் நின்றுபோவது எது? இன்ஷூரன்ஸ் தவணை. அவர் சட்டப்படி நிறுத்தக்கூடிய இடம் எது? அதைச் சொல்லத்தான் ஆளில்லை. 'நோமட்லேண்ட்' படம் இப்படிப்பட்ட மனிதர்களைப் பற்றியதுதான். 2021-ல் சிறந்த படத்துக்கான ஆஸ்கரைக் கொடுத்துக் கௌரவித்தார்கள். திரையில் பார்த்தால் கண்ணீர், தெருமுனையில் பார்த்தால் போலீஸுக்கு போன்.

ஃபுளோரிடா மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். நாட்டின் மேற்குக் கோடியில், ஆரிகன் மாநிலத்தில் கிராண்ட்ஸ் பாஸ் என்ற சிற்றூர். அங்கே பொது இடத்தில் ஒரு போர்வையை விரித்துத் தூங்கினாலே 295 டாலர் அபராதம் போட்டார்கள். படுக்க வேறு இடம் இல்லாதவரைத் தண்டிப்பது கொடுமை என்று வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது. 2024 ஜூன் 28-ல் தீர்ப்பு. ஆறுக்கு மூன்று என்ற கணக்கில், தண்டிக்கலாம் என்றார்கள். ஊர் சுற்ற வந்த டூரிஸ்டுக்கும் இதே சட்டம்தானே, பாரபட்சம் எங்கே என்பது பெரும்பான்மை நீதிபதிகளின் வாதம். அட, டூரிஸ்டுக்கு ராத்திரி பத்து மணிக்கு ஓட்டல் ரூம் இருக்கிறது சாமி!

நீங்கள் கேட்க நினைப்பது புரிகிறது. "மாநிலப் பூங்கா என்ன சத்திரமா? வந்தவர்களெல்லாம் அங்கேயே குடியேறிவிட்டால் மற்றவர்கள் எங்கே போவது?" நியாயமான கேள்வி. பல மாநிலப் பூங்காக்களில் தொடர்ந்து 14 ராத்திரிக்கு மேல் தங்க முடியாது என்று ஒரு விதி இருக்கிறது. நல்ல விதி. முதலில் வந்தவன் வளைத்துப் போட்டுக்கொள்ளாமல் இருக்கத்தான் அது. அதை எடுக்கச் சொல்லவில்லை. ஸ்க்ரப் ஜே பறவையின் புதரில் கோல்ஃப் மைதானமும் வேண்டாம், குடியிருப்பும் வேண்டாம்.

என் கேள்வி வேறு. தண்ணீர், கழிப்பறை, மின்சாரம், குப்பைத் தொட்டி, கண்காணிக்க ஓர் ஆள் இவையெல்லாம் உள்ள தங்குமிடத்தை நடத்துவது எப்படி என்று ஃபுளோரிடாவுக்குத் தெரியாதா? 1935-லிருந்து மாநிலப் பூங்காக்களை நடத்துகிற அரசு அது. நாட்டிலேயே சிறந்த பூங்கா நிர்வாகம் என்று நான்கு முறை தங்கப் பதக்கம் வாங்கியிருக்கிறது. 2024 சட்டமே, ஒரு கவுண்டி விரும்பினால் ஓரிடத்தை ஒதுக்கி, கழிப்பறையும் குழாய்த் தண்ணீரும் காவலும் கொடுத்து, மாநிலத்தின் ஒப்புதலோடு ஒரு வருஷம் வரைக்கும் தங்க வைக்கலாம் என்கிறது. விரும்பினால்! ஊரில் தூங்கவிடாதே என்பது கட்டளை. தூங்க இடம் கொடு என்பது மட்டும் விருப்பம். கட்டளையையும் விருப்பத்தையும் இடம் மாற்றிப் போட்டால் போதும், பாதி அநியாயம் தீர்ந்தது.

பணம் எங்கே என்பார்கள். 1933-ல் நாடே திவாலாகிக் கிடந்தபோது பணம் எங்கிருந்து வந்தது? போக்கிடம் இல்லாத பையன்களைக் குற்றவாளிகளாக்காமல், கையில் கடப்பாரையைக் கொடுத்து, தங்க முகாமும் கொடுத்துப் பூங்கா கட்ட வைத்த தேசம் அது. அந்தப் பேரப் பிள்ளைகள் கட்டிய சட்டத்தைப் பாருங்கள்.

அந்தத் தம்பதி மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. 100 மைலை ஒரு நாள் முழுக்க ஓட்டட்டும். கரைமேல் ஏறி ஏரியைப் பார்க்கட்டும். மனிதனுக்கு நிதானம் வேண்டும், வயதான காலத்தில் நிச்சயமாக வேண்டும். ஆனால் அதற்குச் சுதந்திரம் என்று பெயர் வைத்து, வண்டியோடு சேர்த்து விற்காதீர்கள். அது ஊரார் வரிப்பணத்தில் கட்டிய வசதி. கோல்ஃப்காரர்கள் அதைப் பிடுங்க வந்தபோது, 'இது எல்லோருக்கும் சொந்தம்' என்று கத்தினீர்களே, அந்த 'எல்லோரும்' யார் யார் என்று ஒரு தடவை உட்கார்ந்து கணக்கெடுங்கள். மூன்று மணிக்குப் போய்ச் சேர ஓர் இடம் இல்லாதவர் பெயரும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.