இனிஷியலில் மானாமதுரை

கம்போங் ராஜாவில் இசையைப் பற்றிப் பேச்செடுத்தால் ராஜாவா ரகுமானா என்பதில்தான் வந்து நிற்கும். (ஊர்ப் பெயரிலேயே ராஜா இருப்பதால் ஒரு தரப்புக்குக் கூடுதல் தெம்பு.) எம்.பி.சீனிவாசன் என்று சொல்லிப் பாருங்கள். "யாருங்க அது, மலையாளத்துக்காரரா?" என்பார்கள். மானாமதுரையை இனிஷியலில் சுமந்த மனுஷனை மலையாளி ஆக்கிவிட்டோம். இலக்கியம் வாசிப்பவர்களுக்கும் 'பாதை தெரியுது பார்' என்றால் ஜெயகாந்தன் பாட்டு எழுதிய படம், அவ்வளவுதான். மெட்டுப் போட்டவர் யாரென்று கேட்க ஆளில்லை.

1925இல் சித்தூரில் பிறந்தவர். இடதுசாரி. நிமாய் கோஷ் இயக்கி 1960இல் வந்த அந்தத் தொழிலாளர் படம் ஓடவில்லை. பிறகு தமிழ் சினிமா அவருக்குக் கொடுத்த வாய்ப்புகள் சொற்பம். மலையாளம் வாரி எடுத்துக்கொண்டது. யேசுதாஸ் சினிமாவுக்காக முதன்முதலில் பாடி, 1961இல் பதிவான 'கால்பாடுகள்' படப் பாடல் இவர் இசையில்தான். அடூரின் 'சுயம்வரம்', 'எலிப்பத்தாயம்' இரண்டுக்கும் இவரே இசை.

என் சண்டை மெட்டுக்காக இல்லை. சென்னை ஸ்டூடியோக்களில் வயலினும் தபேலாவும் வாசித்தவர்களுக்குச் சங்கம் கட்டியவர் இவர். வாத்தியக்காரனின் கூலியைப் பேசினால் தயாரிப்பாளர் முகம் சுளிப்பார், அடுத்த படம் கைநழுவும். இவர் பேசினார். நாம் இசையமைப்பாளரைச் சாமியாக்கிக் கட்அவுட் வைக்கிறோம், பின்னால் உட்கார்ந்து வாசித்த ஐம்பது பேரின் பெயர்கூடத் தெரியாது. கொழுந்தைக் கிலோக் கணக்கில் நிறுத்துக் கூலி வாங்கிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இது உறைக்க வேண்டாமா?

"நல்ல இசைதானே முக்கியம், சங்கம் எதுக்கு?" என்று நண்பன் கேட்டான். இரண்டையும் பிரித்துப் பார்ப்பதே தப்பு. சங்கம் கட்டிய அதே கையால்தான் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவையும் உருவாக்கினார். சாதாரண இளைஞர்களை வெவ்வேறு சுரங்களில் ஒரே நேரத்தில் பாரதியைப் பாட வைத்தார். அங்கே நட்சத்திரம் கிடையாது, ஒருவர் தவறினால் எல்லாருக்கும் கேட்கும். 1988இல் லட்சத்தீவில் இறந்தார்.

போன திருவிழாவில் சவுண்ட் சிஸ்டத்துக்கும் பாடகருக்கும் முன்பணம் போனது. மலையேறி வந்த உறுமிக்காரப் பையன்களுக்குப் பாதித் தொகை, மீதிக்கு "அப்புறம் பார்க்கலாம்". அந்த ஏற்பாட்டாளரும் வெறித்தனமான இசை ரசிகர்தான். இந்த வருஷக் கூட்டத்தில் நான் கேட்கப்போவது ஒன்றே ஒன்று: உறுமித் தோலில் கோல் படுவதற்கு முன்பே முழுப் பணமும் அவர்கள் கையில் இருக்க வேண்டும்.