தி.நகர் கொடுத்த ரத்தக் கணக்கு

1996இல் டாக்டர் வி. மோகன் குழுவினர் நம் தி.நகரிலும் திருமங்கலத்திலும் ஒரு சர்க்கரை நோய் ஆய்வைத் தொடங்கினார்கள். 1,262 பேர் பரிசோதனைக்கு வந்தார்கள். திருமங்கலத்து நடுத்தரக் குடும்பங்களில் 12.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை, தி.நகரின் ஏழைக் குடியிருப்பில் 6.5தான்! சில ஆண்டுகள் கழித்து அதே ஆட்களைத் தேடிப் போய் மறுபடியும் பார்த்தார்கள். வாடகை வீட்டுக்காரர்களை இந்த ஊரில் தேடிக் கண்டுபிடிப்பது லேசா?

அமெரிக்காவின் ஃப்ராமிங்காமில் 1948இல் தொடங்கிய இதய ஆய்வு இன்று பேரன் பேத்தி வரை வந்துவிட்டது. அரசு பணம் கொடுக்கிறது. பெயர் நீக்கிய விவரங்கள் வெளி ஆய்வாளர்களுக்கும் கிடைக்கின்றன.

இங்கேயும் அரசு நிரந்தரமாகப் பணம் ஒதுக்கட்டும். பள்ளியில் சேர்க்கைப் பதிவேட்டை எந்தக் காலத்திலும் கழிக்க மாட்டோம் (கறையான் அரித்தால்தான் உண்டு). ஆய்வுப் படிவங்களும் அப்படித்தான். கணினியில் ஏற்றி, பெயரை மறைத்து, மருத்துவக் கல்லூரிகள் கேட்டால் கொடுக்க வேண்டும். அதற்கு முன், ஊசி குத்திக்கொண்ட மக்களிடம் அனுமதி கேட்க வேண்டும், தமிழில்.