ஸ்க்ரூ டிரைவருக்கு ஏன் பயப்பட வேண்டும்?

முதல் கேமிங் கம்ப்யூட்டரைச் சொந்தமாக அசெம்பிள் செய்வது வீண் ரிஸ்க், கடையில் தயாராக இருப்பதை வாங்குவதே புத்திசாலித்தனம் என்று ஒரு வாதம் ஓயாமல் எழுகிறது. அதில் பாதிதான் உண்மை.

உண்மையான ரிஸ்க் பிராசஸரை உட்கார வைக்கும்போதுதான். இன்டெல்லின் எல்ஜிஏ 1700, ஏஎம்டியின் ஏஎம்5 ஆகிய இரண்டு சாக்கெட்டுகளிலும் மெல்லிய பின்கள் மதர்போர்டில் இருக்கின்றன. கோணலாக வைத்தால் வளைந்துவிடும். மூலையிலுள்ள முக்கோணக் குறியைப் பொருத்தி, அழுத்தாமல் வைத்து, லீவரை இறக்கினால் வேலை முடிந்தது. ரேம் தலைகீழாக நுழையவே நுழையாது.

ரெடிமேடில் உள்ளே இருப்பது என்னவென்றே பலருக்குத் தெரிவதில்லை. 16 ஜிபி ரேம் என்று போட்டிருக்கும். திறந்தால் சில சமயம் ஒரே ஸ்டிக். இரண்டு 8 ஜிபி ஸ்டிக் தரும் டூயல் சேனல் வேகம் அதில் வராது. சில பிராண்டுகளில் மதர்போர்டும் பவர் சப்ளையும் தனி அளவு. பிறகு மாற்றுவது பெரும்பாடு.

சொந்தமாக அசெம்பிள் செய்ததில் மாற்றுவது எளிது. 2017-இல் ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் போர்டு வாங்கிய பலர், பயாஸை அப்டேட் செய்து, 2022-இல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி பிராசஸரை அதே போர்டில் மாட்டினார்கள். இதைவிடப் பெரிய சிக்கனம் உண்டா?

நேரமில்லாதவர்கள் சென்னை ரிச்சி தெருவில் பாகங்களைத் தாங்களே தேர்ந்தெடுத்து, கடைக்காரரையே மாட்டித்தரச் சொல்லலாம். பில்லில் ஒவ்வொரு பாகத்தின் மாடல் எண்ணும் இருக்கட்டும்.