தோள் பாயில் படாத தோல்வி



அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் மல்யுத்தப் பருவம் நவம்பர் வாக்கில் தொடங்கி, பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மாநிலப் போட்டிகளோடு நிறைவடைகிறது. இம்மாதங்களில் மல்யுத்தம் பயிலும் பிள்ளைகளின் பெற்றோருக்குச் சனிக்கிழமை ஓய்வு இல்லை. விடியுமுன் பிள்ளைகளைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். எடை பார்த்தபின், மாலைவரை அரங்கின் படிகளில் அமர்ந்திருக்க வேண்டும். இத்தனையும், இரண்டு நிமிடம் வீதம் மூன்று சுற்றுகள் கொண்ட சில ஆட்டங்களுக்காக. ஒரே அணியிலுள்ள இரு புதல்வர்கள் ஒரே வேளையில் இரண்டு பாய்களில் இறங்கிவிட்டாலோ, யாரைப் பார்ப்பது என்று தாயின் கண்கள் தவிக்கும்.

அத்தகைய பெற்றோர் நம் சபையிலும் இருக்கிறபடியால், என் கருத்தைத் தெளிவாய் எழுதுகிறேன்: களத்தில் நம் பிள்ளைகள் போராடட்டும், ஆனால் பெற்றோரின் அன்பைப் பெறுவதற்காக அவர்கள் போராட வேண்டிய நிலை வரலாகாது.

முதலாவது, தோல்வியைப் பகுத்தறியக் கற்றுக்கொள்ளுங்கள். இரு பள்ளிகள் மோதும் போட்டியில், ஒருவனுடைய தோள்கள் இரண்டும் இரண்டு விநாடிகள் பாயில் அழுத்தப்பட்டால் ஆட்டம் முடிந்தது. எதிரணிக்கு 6 புள்ளிகள். அவனே கடைசிவரை தோள் படாமல் தாக்குப்பிடித்து, 8 புள்ளிக்குக் குறைவான வித்தியாசத்தில் தோற்றால், எதிரணிக்குக் கிடைப்பது 3 மட்டுமே. நடுவர் உயர்த்துவது வென்றவனின் கையைத்தான். ஆயினும் தோற்றவன் தன் அணிக்கு 3 புள்ளிகளைக் காத்துத் தந்திருக்கிறான். பயிற்சியாளர் அதை அறிவார். அணித் தோழர்களும் அறிவார்கள். படிகளில் அமர்ந்திருக்கும் தகப்பன் மட்டும் அறியாமல் முகம் சுளிப்பது எவ்வளவு வருத்தத்திற்குரியது!

இரண்டாவது, எடை. மாநிலத்துக்கு மாநிலம் 12 முதல் 14 வரை எடைப் பிரிவுகள் உண்டு. முதன்மை அணியில் ஒவ்வொரு பிரிவுக்கும் ஓர் இடம் மட்டுமே. சகோதரர் இருவரும் ஒரே எடையில் இருப்பார்களானால், அந்த இடத்துக்காகத் தங்களுக்குள் மோத வேண்டும். அல்லது ஒருவன் வேறு பிரிவுக்குச் செல்ல வேண்டும். இங்கேதான் வீட்டுக்குள் ஆபத்து நுழைகிறது. இளையவன் சற்றுப் பட்டினி கிடந்து எடையைக் குறைத்தால் இருவருமே ஆடலாமே என்னும் யோசனை, சாப்பாட்டு மேசையில் நம் வாயிலிருந்தே புறப்படக்கூடும்.

அந்த யோசனையின் விலை அறியப்பட்டதே. 1997ஆம் ஆண்டின் இறுதியில், சில வாரங்களுக்குள், எடையைக் குறைக்க முயன்ற மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் அந்நாட்டில் மரித்தார்கள். வெப்பத்தில் உடலை வருத்தி வியர்வையாய் நீரை வெளியேற்றியதே அவர்களுக்கு எமனாயிற்று. அதன்பின் விதிகள் கடுமையாயின. உயர்நிலைப் பள்ளிகளிலும், உடலில் போதிய நீர் உண்டா என்று சோதித்த பின்பே குறைந்தபட்ச எடை தீர்மானிக்கப்படுகிறது. மாணவனின் உடற்கொழுப்பு 7 சதவீதத்துக்குக் கீழே போகலாகாது, வாரத்திற்கு 1.5 சதவீதத்துக்கு மேல் எடை குறையலாகாது. விதியே காட்டும் இந்த இரக்கத்தைப் பெற்றோர் காட்டாதிருப்பது தகுமோ? வளரும் பிள்ளையிடம் ஓர் இடத்துக்காக உணவைத் துறக்கச் சொல்ல நமக்கு அதிகாரமில்லை என்பதே என் உறுதியான எண்ணம். மேல் பிரிவில் ஆடித் தோற்பது மேல்.

வேதத்திலும் கர்ப்பத்திலேயே மோதிக்கொண்ட இரு சகோதரர் உண்டு. ஆதியாகமம் 25ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். ஈசாக்கு ஏசாவை நேசித்ததற்கு அவன் கொண்டுவந்த வேட்டை உணவு காரணமாயிருந்தது. ரெபெக்காளின் நேசம் யாக்கோபின்மேல் இருந்தது. மகன் கொண்டுவருவதைப் பொறுத்து அமைந்த அன்பு, அந்த வீட்டை இரண்டாகப் பிளந்து, ஒருவனை ஊரைவிட்டே ஓடச் செய்தது. இன்று நம் பிள்ளைகள் கொண்டுவருவது பதக்கம், அவ்வளவே வேறுபாடு.

அந்த யாக்கோபே பின்னர் யாப்போக்கு ஆற்றருகே விடியுமட்டும் போராடினான். அங்கே கைதட்ட ஒருவரும் இல்லை. ஆசீர்வாதம் பெற்றான், நொண்டிக்கொண்டே புறப்பட்டான். எதிர்ப்பட்ட ஏசா ஓடிவந்து அவனைத் தழுவிக்கொண்டான். நொண்டுகிறவனைத் தழுவிக்கொள்ளும் அந்தக் கைகளே நம் வீடுகளுக்குத் தேவை.

ஆகையால், இந்தப் பருவத்தில் வீடு திரும்பும் காரில் ஆட்டத்தைத் திரும்ப ஆடாதிருங்கள். பசிக்கிறதா என்று கேளுங்கள். வென்றவனுக்கும் தோற்றவனுக்கும் ஒரே தட்டில் பரிமாறுங்கள். அவர்களே பேசத் தொடங்கினால் செவிகொடுங்கள்.

பிள்ளைகளை நம்மிடம் ஒப்புவித்த தேவன், அவர்களை அளவுகோலின்றி நேசிக்கும் கிருபையை நமக்குத் தந்தருளுவாராக. ஆமென்.