விலைச்சீட்டு இல்லாத சரக்கு

கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு மின்சாரக் கட்டணத்தைப் பற்றியும் நெல் கொள்முதலைப் பற்றியும் என்ன பேச்சு என்று சிலர் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் என் கதைகளில் வருகிற குடும்பங்கள் எல்லாம் மாதத்தின் முதல் வாரத்தில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கிற குடும்பங்கள். வாடகை இவ்வளவு, கரண்ட் பில் இவ்வளவு, அரிசி இவ்வளவு என்று எழுதிக் கூட்டிக் கழித்த பிறகு மிஞ்சுகிறதே, அதை வைத்துக்கொண்டுதான் அவர்கள் காதலிக்கிறார்கள், சண்டை போடுகிறார்கள், பெண்ணுக்கு வரன் பார்க்கிறார்கள். மிச்சம் ஒன்றும் இல்லாமற் போனால் கதையே வேறாகிவிடும். ஆகவே அந்த மூன்று வரிகளையும் யார் நிர்ணயிக்கிறார்கள், எப்படி நிர்ணயிக்கிறார்கள் என்று கேட்க எனக்கும் பாத்தியதை உண்டு.

மூன்று வரிகளிலும் சர்க்காரின் கை இருக்கிறது. இருப்பதைப் பற்றி எனக்கு வழக்கில்லை. பசித்தவனையும் பதுக்குகிறவனையும் ஒரே சந்தையில் விட்டுவிட்டுக் கைகட்டி நிற்பதற்குச் சர்க்கார் எதற்கு? என் வழக்கு வேறு. ஒரு விலையைக் குறைத்துவிட்டதாகச் சர்க்கார் சொல்லும்போது, அநேகமாக அந்த விலை குறைவதில்லை. நம் கண்ணுக்குப் படாத ஓரிடத்துக்கு நகர்ந்துவிடுகிறது. நகர்ந்துபோன விலையை யாரோ கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். யாரென்று தேடிப்போனால், எந்த ஏழையின் பேரைச் சொல்லிச் சட்டம் வந்ததோ அவனே அங்கே பையைத் தடவிக்கொண்டு நிற்கிறான்.

வாடகையிலிருந்து தொடங்குவோம். யுத்த காலத்தில் வீட்டுப் பஞ்சத்துக்கு மருந்தாக வந்த வாடகைக் கட்டுப்பாடு, பல உருவம் எடுத்து 1960-இல் விரிவான சட்டமாயிற்று. திருத்தங்களுக்குப் பிறகு அது சொன்னது இது: குடியிருக்கும் வீட்டுக்கு நியாய வாடகை, அதன் மொத்த மதிப்பில் ஆண்டுக்கு 9 சதவீதம், கடைக்கு 12 சதவீதம். முன்பணமாக ஒரு மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. குடியிருப்பவரைக் காலி செய்யச் சொல்வதற்குச் சட்டத்தில் எழுதியிருக்கும் காரணங்களில் ஒன்றையாவது நிரூபித்தாக வேண்டும்.

காகிதத்தில் இதைக் காட்டிலும் கருணையான சட்டம் கிடையாது. ஆனால் அந்தச் சட்டம் அமலில் இருந்த காலத்தில் சென்னையில் வீடு தேடிய எந்தக் குடும்பத்தையாவது கேளுங்கள், ஒரு மாத முன்பணத்துக்கு வீடு கிடைத்ததா என்று. பத்து மாத வாடகையை எண்ணி வைத்தால்தான் சாவி கைக்கு வந்தது. வழக்குப் போட்டால் தீர்ப்பு வருவதற்குள் தலைமுறை மாறிவிடும் என்று வீட்டுக்காரர் பயந்தார். அந்தப் பயத்துக்கு ஒரு விலை உண்டல்லவா? அதுதான் பத்து மாத முன்பணம். அதுதான் பதினோரு மாத ஒப்பந்தம். "நீங்கள் என்ன ஆட்கள், என்ன சாப்பிடுவீர்கள்" என்ற விசாரணையும் அதில் சேர்த்திதான். துணிச்சல் இல்லாத வீட்டுக்காரர்கள் மாடியைப் பூட்டியே வைத்தார்கள். பூட்டிய வீடு ஒவ்வொன்றும் திறந்திருக்கிற வீட்டின் வாடகையை ஏற்றிவிட்டது. நெடுங்காலமாகக் குடியிருந்த பழைய ஆசாமிக்குச் சட்டம் நிழல் கொடுத்தது, மெய்தான். நேற்று ரயிலிலிருந்து டிரங்குப் பெட்டியுடன் இறங்கிய குமாஸ்தா அந்த நிழலுக்கும் சேர்த்து வாடகை கொடுத்தான்.

2019 பிப்ரவரி 22-இல் அந்தச் சட்டம் போய்ப் புதிய சட்டம் அமலுக்கு வந்தது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும் என்கிறது அது. நல்லதுதான். முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது என்றும் சொல்கிறது. கூடவே, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகக் கண்டிருந்தால் அப்படியே ஆகட்டும் என்கிறது. கதவைப் பூட்டிச் சாவியைப் பூட்டிலேயே தொங்கவிடுவது என்பது இதுதான். வீடில்லாதவன் எந்த ஒப்பந்தத்தில்தான் கையெழுத்துப் போடமாட்டான்?

அடுத்த வரி, கரண்ட் பில். வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று 2016-இல் உத்தரவாயிற்று. 2022 செப்டம்பர் 10 முதல் வந்த கட்டணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்தில் 500 யூனிட் செலவழித்த வீட்டுக்கு பில் 1,725 ரூபாய். 501 யூனிட் என்றால் 1,958 ரூபாய். அந்த ஒற்றை யூனிட்டுக்கு 233 ரூபாய்! 500-ஐத் தாண்டியதும் கீழ்ப்படியில் 2 ரூபாய் 25 காசாக இருந்த நூறு யூனிட்டும் 4 ரூபாய் 50 காசாகிவிடுகிறது. அதனால் வந்த வினை. கணக்கெடுப்பவர் நாலு நாள் பிந்தி வந்தாலே ஒரு குடும்பம் இந்தப் பள்ளத்தில் விழுந்துவிடும். 2024-இல் பைசாக்கள் ஏறின; படிக்கட்டின் அமைப்பு மாறவில்லை.

இதாவது சொந்த மீட்டர் உள்ளவர் கதை. ஒண்டுக் குடித்தனக்காரர் கதையைக் கேளுங்கள். மூன்று குடித்தனம் இருக்கிற வீட்டில் மின் இணைப்பு ஒன்று. வீட்டுக்காரர் ஒவ்வொரு குடித்தனத்துக்கும் ஒரு சப்-மீட்டர் வைத்து, யூனிட்டுக்கு எட்டு ரூபாய் என்றோ பத்து ரூபாய் என்றோ முதல் யூனிட்டிலிருந்தே வசூலிக்கிறார். இலவச 100 யூனிட் யாருக்குப் போயிற்று? மூன்று அடுப்புகளுக்கும் சேர்த்து ஒரே ஒரு முறை, அதுவும் வீட்டுக்காரர் பேரில் வந்தது. ஏழைக்கு என்று ஊற்றிய பால் வீட்டுக்காரரின் செம்பிலே நிறைகிறது. தட்டிக்கேட்டால், முன்சொன்ன பத்து மாத முன்பணம் அவர் கையில் இருக்கிறது. ஒரு சட்டத்தின் ஓட்டை இன்னொரு சட்டத்தின் ஓட்டைக்குக் காவல் நிற்பதை நான் எந்தக் கதையிலும் இத்தனை கச்சிதமாக அமைத்ததில்லை.

இங்கே என் வாசகர்களில் பலர் பொறுமை இழப்பார்கள். "எங்களை விடுங்கள், விவசாயிக்கு மோட்டார் ஓட்ட மின்சாரம் முழுக்க இலவசம், அந்தப் பணத்தைத்தான் எங்கள் தலையில் கட்டுகிறார்கள்" என்பார்கள். பட்டணத்துத் திண்ணைகளில் இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

அந்த இலவசம் தட்டில் வைத்துக் கொடுத்த தாம்பூலம் இல்லை. 1970 ஜூன் 19-இல் பெருமாநல்லூரில் மின் கட்டண உயர்வை எதிர்த்த விவசாயிகள் மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது. மூன்று பேர் மாண்டார்கள். நாராயணசாமி நாயுடுவின் தலைமையில் கொங்கு நாடே கொதித்தெழுந்த காலம் அது. 1984-இல் சிறு விவசாயிகளுக்கும், 1990-இல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்தது. 2003-இல் அதை எடுத்துப் பார்த்தார்கள். 2004-இல் மக்களவைத் தேர்தல் முடிந்த கையோடு திரும்பக் கொடுத்தார்கள். ரத்தம் சிந்திப் பெற்றதை ஏளனம் செய்ய நமக்கு, அதுவும் 100 யூனிட் இலவசத்தை வாங்கிக்கொள்கிற நமக்கு, வாய் கிடையாது.

ஆனால் விவசாயிக்கு அது இலவசமாகத்தான் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். இணைப்புக் கேட்டு மனுப் போட்டவர்கள் வருஷக் கணக்கில் காத்திருந்தார்கள். சீக்கிரம் வேண்டுமா? 'தட்கல்' என்று ஒரு வழி திறந்தார்கள்: ஐந்து குதிரைசக்தி மோட்டாருக்கு இரண்டரை லட்சம் ரூபாய் கட்டினால் இணைப்பு. மின்சாரம் இலவசம், அதன் வாசற்படிக்கு மட்டும் இரண்டரை லட்சம்! இணைப்பு இருந்தவர்களுக்கும் நெடுங்காலம் மும்முனை மின்சாரம் பகலில் சில மணி, இரவில் சில மணி என்றுதான் வந்தது. இரவில் எழுந்து பாம்புக்குப் பயந்து வரப்பில் நடக்க முடியாமல், கரண்ட் வந்தால் தானே ஓடும்படி ஆட்டோ ஸ்டார்ட்டரை மாட்டிவிட்டார்கள். வயல் நிறைந்த பிறகும் மோட்டார் ஓடிற்று. ஒருவர் ஓட்டினால் அடுத்தவர் கிணறு வற்றிற்று. கொங்குச் சீமையில் ஆயிரம் அடிக்கு ஆழ்துளை போட்டும் புகை மட்டும் வந்த கதைகள் ஊருக்கு நாலு உண்டு. கரண்டில் மிச்சமானது கடனாகப் பூமிக்குள் போயிற்று.

இதைவிடப் பெரிய அநியாயம் ஒன்று இருக்கிறது. இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட பம்புசெட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு மீட்டர் இல்லாமலே காலம் போயிற்று. அவை எவ்வளவு மின்சாரம் குடிக்கின்றன என்பது மதிப்பீடு. மதிப்பீடு என்றால் என்ன அர்த்தம்? கம்பியில் கசிந்தது, கொக்கி போட்டுத் திருடியது, எங்கோ காணாமற் போனது எல்லாவற்றையும் விவசாயி பேரில் எழுதிவிடலாம் என்று அர்த்தம். அவன் குடிக்காத கள்ளுக்கும் அவன் பேரில் பற்று எழுதுகிறார்கள். நாமும் அவனைக் குடிகாரன் என்கிறோம். மீட்டர் என்றவுடன் அவன் பதறுவதற்குக் காரணம் இருக்கிறது: இன்றைக்கு மீட்டர், நாளைக்கு பில் என்று அவன் கண்டிருக்கிறான். பில் வராது என்று சட்டத்திலேயே எழுதிக் கொடுத்துவிட்டு மீட்டரை வையுங்கள். அது அவனுக்குச் சாட்சியாக நிற்கும்.

மூன்றாவது வரி, அரிசி. 1952-இல் முதலமைச்சர் ராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை எடுத்ததும் பதுங்கியிருந்த அரிசி கடைக்கு வந்தது. கட்டுப்பாடே கூடாது என்பவர்கள் இன்றும் இதை மேற்கோள் காட்டுகிறார்கள். அவர்களைத் தஞ்சாவூர்ப் பக்கம், அறுவடை நேரத்தில், நேரடிக் கொள்முதல் நிலையம் திறக்கப்படாத ஒரு கிராமத்துக்கு அழைத்துப் போகிறேன். களத்தில் குவிந்த நெல்லை வியாபாரி என்ன விலைக்குக் கேட்கிறான் என்று அவர்கள் காதாலேயே கேட்கட்டும். சர்க்கார் அறிவிக்கிற விலைதான் அங்கே விவசாயிக்கு ஊன்றுகோல்.

ஊன்றுகோலிலும் முள் இருக்கிறது. நெல்லில் ஈரம் 17 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. மழை பெய்கிற மாதத்தில் அறுக்கிற நெல்லுக்கு வெயில் காலத்து விதி. ஒவ்வொரு ஈர வருஷமும் விதியைத் தளர்த்தச் சொல்லி டில்லிக்குக் கடிதம் போகிறது. பதில் வருகிறவரை நெல் தார்ப்பாயின் கீழே முளைக்கிறது. காத்திருக்க முடியாதவன் மூட்டைக்கு இத்தனை என்று கொடுத்து எடை போடுகிறான் என்பது டெல்டாவில் கேட்காத காதில்லாத புகார். அறிவித்த விலை ஒன்று. கைக்கு வந்தது வேறு. இடையில் நின்றவன் எந்தக் கணக்கிலும் இல்லை.

"அப்படியானால் எல்லாவற்றையும் சந்தையிடம் விட்டுவிடலாமே" என்பார் ஒருவர். சந்தைக்கு நாலணாக்காரனைத் தெரியாது. "ஏழை பேரில் கை வைக்காதே" என்பார் இன்னொருவர். ஏழையின் பேர் யாருடைய செம்பை நிரப்புகிறது என்பதைத்தான் நானும் பார்க்கச் சொல்கிறேன்.

நான் கேட்பதெல்லாம் மளிகைக் கடைக்காரர்கூடச் செய்கிற காரியம். சரக்கின் மேல் விலைச்சீட்டை ஒட்டுங்கள். ஒவ்வொரு குடித்தனத்துக்கும், வீட்டுக்காரர் சம்மதத்தை எதிர்பாராமல், அதன் பேரில் ஒரு மீட்டர் கொடுங்கள். சலுகை அந்த அடுப்புக்கே நேராகப் போகட்டும். முன்பணத்துக்கு உச்சவரம்பு என்றால் வரம்பாகவே இருக்கட்டும். வீட்டுக்காரரின் வழக்கும் சில மாதத்தில் தீரட்டும், அவர் பயமும் தெளியும். பம்புசெட்டுக்கு எத்தனை யூனிட், அதற்குக் கஜானாவிலிருந்து எத்தனை ரூபாய் என்று ஊர் ஊராக எழுதிப் பஞ்சாயத்துச் சுவரில் ஒட்டுங்கள். ஈர மாதத்துக்கு ஈர விதியை, அறுவடைக்கு முன்பே சொல்லுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகு, விவசாயிக்கும் ஏழைக்கும் கொடுப்பது போதாது, இன்னும் கொடுக்க வேண்டும் என்று ஜனங்கள் தீர்மானித்தால், கொடுப்போம். எவ்வளவு கொடுக்கிறோம், யாருக்குப் போய்ச் சேருகிறது என்று தெரிந்து கொடுப்போம். அடுத்த தேர்தலில் உங்கள் வாசலுக்கு வந்து எதையாவது இலவசம் என்று ஒருவர் சொன்னால், வேண்டாமென்று விரட்டாதீர்கள்; வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டும் நிற்காதீர்கள். "சரி ஐயா, இதை யார் கொடுக்கிறார்கள்?" என்று கேளுங்கள். அவர் சொல்கிற பதிலை ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.