டாக்டர் பட்டமும் ஆலைத் தொழிலாளியின் மகளும்

சென்ற மாதம் ஒரு பஞ்சாலையின் வாயிற் கூட்டம் முடிந்து டீக்கடையில் நின்றிருந்தோம். ரிங் பிரேம் இலாகாவில் வேலை செய்யும் தோழர் ஒருவர் நம்மை ஒதுக்கமாக அழைத்தார். போனஸ் விஷயமாக இருக்கும் என்று நினைத்தோம். அவர் கேட்டது வேறு.

"பெரியவ எம்.ஏ. முடிச்சுட்டாளுங்க, தோழர். டாக்டர் பட்டத்துக்கு எடம் கெடச்சிருக்குது. இன்னும் அஞ்சு வருசமாம். ஊசி போடற டாக்டரும் இல்லைங்கறா. சொந்தக்காரங்க எல்லாம் கல்யாணத்தப் பண்ணி அனுப்புன்னு சொல்றாங்க. சேக்கலாமுங்களா?"

நாம் பள்ளி இறுதி வகுப்போடு நின்றவர்கள். கேட்டவுடன் பதில் சொல்லத் தெரியவில்லை. விசாரித்துச் சொல்வதாகச் சொன்னோம். விசாரித்ததை இங்கே எழுதுகிறோம். இந்தக் கேள்வி அவர் வீட்டில் மட்டும் எழுவதல்ல. முதல் தலைமுறையாகக் கல்லூரி வாசலை மிதித்த பிள்ளைகள் உள்ள ஆலைக் குடியிருப்பிலும் சேரியிலும் இன்று இது எழுகிறது.

முதலில், இது என்ன படிப்பு? எம்.ஏ. வரையில் பிறர் கண்டு சொன்னதைக் கற்கிறோம். டாக்டர் பட்டத்துக்கு உழைப்பவர் இதுவரை யாரும் சொல்லாத ஒன்றைத் தாமே கண்டு, சான்றுகளோடு எழுதி நிலைநாட்ட வேண்டும். பல்கலைக் கழக மானியக் குழு 2022இல் போட்ட விதிப்படி குறைந்தது மூன்று ஆண்டு, அதிகம் ஆறு ஆண்டு. பெண்களுக்கு மேலும் இரண்டு ஆண்டு சலுகை உண்டு. எழுதியதை வெளியிடத்துப் பேராசிரியர்கள் இருவராவது படித்துப் பார்க்க வேண்டும். பிறகு சபையில் நின்று கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். 2021-22ஆம் ஆண்டின் சர்க்கார் கணக்குப்படி நாடெங்கும் உயர்கல்வி படித்தவர்கள் 4 கோடியே 33 லட்சம் பேர். அவர்களில் டாக்டர் பட்டத்துக்குப் பதிந்தவர்கள் 2 லட்சத்துப் பன்னிரண்டாயிரம். ஆயிரத்துக்கு ஐந்து பேர்!

இந்த ஐந்து பேர் யார் வீட்டுப் பிள்ளைகள் என்பது நமக்கு முக்கியம். எந்தக் கேள்வி ஆராயப்படும், எது ஆராயப்படாது என்பதை ஆராய உட்காருகிறவரே பெரும்பாலும் தீர்மானிக்கிறார். லீவு முடிந்து ஆலைக்குத் திரும்பும் முதல் நாள் நெஞ்சு அடைப்பது பஞ்சுத் தூசியில் நிற்கும் தோழர்களுக்குத் தெரியும். அது வெறும் சளி அல்ல, பஞ்சுத் தூசி கொடுத்த நோய் என்பதை இங்கிலாந்தில் லங்காஷயர் ஆலைத் தொழிலாளிகளை 1950களில் நேரில் பரிசோதித்து வகைப்படுத்தியவர் ரிச்சர்ட் ஷில்லிங் என்ற ஆராய்ச்சியாளர். தொழிலாளி ஆயிரம் முறை சொன்ன போது முறையீடாக இருந்தது, ஆராய்ச்சியாளர் எழுதியதும் சான்றாயிற்று. தஞ்சைப் பண்ணையாட்களின் வாழ்வை 1951 முதல் 1953 வரை கிராமத்தில் தங்கி ஆராய்ந்தவர் கேத்லீன் கஃப் என்ற ஆங்கிலப் பெண்மணி. அவருக்கு நன்றி சொல்கிறோம். ஆனால் பண்ணையாள் வீட்டு மகளே எழுதினால் அவர் கண்ணில் படாத எத்தனையோ விஷயம் அதில் இருக்கும் அல்லவா?

ஆகவே சேர்க்கத்தான் வேண்டும். ஆனால் அங்கே நடப்பதையும் தெரிந்துகொண்டே சேர்க்க வேண்டும்.

பெரிய விஷயம் பணம். தேசியத் தகுதித் தேர்வில் உயர்ந்த மதிப்பெண் வாங்கி உபகாரச் சம்பளத்துக்குத் தேர்வாகிறவர்களுக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய் என்று உயர்த்தினார்கள். நல்ல தொகைதான். ஆனால் அது தேர்வாகும் சிலருக்கே. அந்தத் தேர்வின் லட்சணமோ, 2024 ஜூன் 18 அன்று ஒன்பது லட்சத்துக்கு மேற்பட்டோர் எழுதினார்கள், மறுநாளே ரத்து செய்தார்கள். இதில் தேறாமல் மத்தியப் பல்கலைக் கழகங்களில் சேர்ந்தவர்களுக்கு மாதம் 8,000 ரூபாய். அதையும் 2015 அக்டோபரில் நிறுத்தப் பார்த்தார்கள். மாணவர்கள் டில்லியில் மானியக் குழு அலுவலக வாசலில் இரவும் பகலும் உட்கார்ந்த பிறகே அது பிழைத்தது. 2023இல் மேலே உள்ளது உயர்ந்த போதும் இந்த எட்டாயிரம் எட்டாயிரமாகவே நின்றது. மாநிலப் பல்கலைக் கழகங்களில் அதுவும் இல்லாமல், டியூஷன் எடுத்தும் கடையில் கணக்கு எழுதியும் ஆராய்ச்சி செய்கிறவர்கள் ஏராளம்.

கிடைக்கிற உபகாரச் சம்பளமாவது மாதாமாதம் வருகிறதா? ஆறு மாதம், எட்டு மாதம் கழித்து மொத்தமாக வரும் என்கிறார்கள். இது நம் தோழர்களுக்குப் புதிதல்ல. மூன்று வருஷம் உழை, முடிவில் மொத்தமாகத் தருகிறோம் என்று சுமங்கலித் திட்டத்தின் பேரில் நூற்பாலைகளுக்குள் பெண்களை அடைத்து வைத்ததை நாம் பார்த்தோம். கடைசியில் கொடுப்பதாகச் சொல்லும் கூலி கழுத்தில் கட்டிய கயிறு. ஹைதராபாத் மத்தியப் பல்கலைக் கழகத்தில் ஆராய்ச்சி மாணவராயிருந்த ரோஹித் வெமுலா, ஒரு தையல் தொழிலாளித் தாயின் மகன், 2016 ஜனவரி 17 அன்று உயிரை மாய்த்துக் கொண்டார். விடுதியிலிருந்து விலக்கி வைக்கப்பட்டிருந்த அந்தப் பிள்ளைக்கு ஏழு மாத உபகாரச் சம்பளம் பாக்கி நின்றது.

இந்தப் பணம் பிச்சை அல்ல. இருபத்தெட்டு வயதிலும் என்ன படிப்பு, யார் வரிப்பணம் என்று கேட்கிறார்கள் சிலர். வரிப்பணம் நம்முடையது! கடையில் வாங்கும் எண்ணெய்க்கும் சோப்புக்கும் நாம் வரி கட்டுகிறோம். பிள்ளைகளின் ஆராய்ச்சிக்கு அதில் ஒரு பங்கு போனால் நமக்கு ஆட்சேபணை கிடையாது. உபகாரச் சம்பளம் நின்றால் ஆராய்ச்சி நிற்கும், எவ்வளவு பெரிய மேதையானாலும் நிற்கும். பரோடா சமஸ்தானத்தின் உதவியில் 1913இல் அமெரிக்கா போய் கொலம்பியா பல்கலைக் கழகத்தில் படித்த அம்பேத்கர், பிறகு லண்டனில் படித்துக்கொண்டிருக்கும் போதே உதவிக்காலம் முடிந்து 1917இல் பாதியில் திரும்ப நேர்ந்தது. மீண்டும் லண்டன் போக 1920 ஆயிற்று. கொலம்பியாவின் டாக்டர் பட்டம் கைக்கு வந்தது 1927இல்.

அடுத்தது வழிகாட்டி. பேராசிரியர் எட்டுப் பேர் வரையிலும், உதவிப் பேராசிரியர் நான்கு பேர் வரையிலும் ஆராய்ச்சி மாணவர்களை வைத்துக்கொள்ளலாம். பணத்துக்கும் அவர் கையெழுத்து, ஆய்வேட்டுக்கும் அவர் கையெழுத்து. நல்லவர் வாய்த்தால் பெற்ற தாய்க்குச் சமம். அப்படிப்பட்டவர்களை நாம் அறிவோம். மற்றவர் வாய்த்தால்? தம் வழிகாட்டியின் குழந்தையைத் தினமும் பள்ளிக்கு அழைத்துப் போய் வந்த கதையை ஒரு பெண் நம்மிடம் சொன்னார். பண்ணையில் மாட்டுக்குப் புல் அறுத்தது போதாதென்று பண்ணையார் வீட்டுப் பாத்திரமும் துலக்கிய நம் தாய்மார்களின் கதைதான். இடம் மட்டும் மாறியிருக்கிறது.

இவ்வளவும் தாண்டிப் பட்டம் வாங்கினால் வேலை நிச்சயமா? இல்லை. பல்கலைக் கழகத்தில் உதவிப் பேராசிரியர் ஆக டாக்டர் பட்டம் கட்டாயம் என்று 2018இல் விதி செய்தார்கள். அமலாகும் தேதியைத் தள்ளினார்கள். 2023இல் தகுதித் தேர்வே போதும், பட்டம் கட்டாயம் இல்லை என்று மாற்றினார்கள். அதை நம்பி ஐந்து வருஷம் போட்டவர் கதி என்ன? தமிழகத்து அரசுக் கல்லூரிகளில் நிரந்தர இடத்தை நிரப்பாமல் 'கௌரவ விரிவுரையாளர்' என்று வைத்திருக்கிறார்கள். ஆலையில் நாம் பதிலி என்போம், அங்கே கௌரவம் என்கிறார்கள்! ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 வரை தரலாம் என்று மானியக் குழு 2019இல் சொல்லியது. 2022இல் இங்கே கொடுத்தது 20,000. டாக்டர் பட்டம் வாங்கியவர்களுக்கும் அதுவே. (மந்திரிகளுக்கும் சினிமாக்காரர்களுக்கும் மேடையில் சால்வையோடு தருகிறார்களே, அந்த கௌரவ டாக்டர் பட்டத்துக்கு மட்டும் ஆய்வேடும் வேண்டாம், வயிற்றுப் பாடும் இல்லை.)

பட்டத்தால் பல்கலைக் கழகக் கதவு திறக்காதது இன்றைய சங்கதி மட்டுமல்ல. 1841 ஏப்ரலில் ஜெர்மனியின் ஜேனா பல்கலைக் கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கிய காரல் மார்க்சுக்கும் வாத்தியார் உத்தியோகம் கிடைக்கவில்லை. அவர் பத்திரிகைக்குப் போனார். அதற்காக எல்லோரும் மார்க்சு ஆகட்டும் என்று உத்தியோகத்தை மறுப்பது நியாயமாகுமா?

தோழரைச் சென்ற ஞாயிறன்று மீண்டும் பார்த்தோம். சேருங்கள் என்றோம். கல்யாணத்துக்கு அவசரம் இல்லை. ஆனால் உபகாரச் சம்பளம் எந்த மாதத்திலிருந்து, எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். அந்த வழிகாட்டியிடம் முன்பு இருந்தவர்கள் எத்தனை வருஷத்தில் முடித்தார்கள் என்று விசாரிக்கச் சொல்லுங்கள். அங்கே ஆராய்ச்சி மாணவர் சங்கம் இருந்தால் முதல் வாரமே சேரட்டும். ஆலைச் சம்பளம் ஏழாம் தேதிக்குள் வர வேண்டும் என்று 1936லேயே சட்டம் வந்தது. உபகாரச் சம்பளத்துக்கும் ஒரு தேதி வேண்டும் என்று அந்தச் சங்கம் கேட்டால், ஆலை வாசலில் அதற்கு ஆதரவுக் கூட்டம் போடுவது நம் வேலை.

தோழர் சிறிது நேரம் யோசித்தார். "கடைசியில சபையில நின்னு பதில் சொல்லோணும்னீங்களே, அதை நாங்க போய்ப் பாக்கலாமுங்களா?"

பார்க்கலாம் என்றோம். அதற்குப் பெயரே பொது வாய்மொழித் தேர்வு. அன்றைக்குப் பகல் ஷிப்டை மாற்றிக் கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.