ஐம்பதில் வளையாதா?

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" முதியோர் கல்வி என்றதும் மூலையிலிருந்து எழும் முதற்குரல் இது. பழமொழியைக் கூறிவிட்டால் பொறுப்புத் தீர்ந்தது என எண்ணுவோர் இன்றும் உளர். அவர்களைக் கேட்கிறோம்: வளையாதது முதுமையா, உமது முறையா?

காணிக்கு எத்தனை படி விதை என நொடியில் கணக்கிடும் உழவரையும், காசு பிசகாமல் சந்தையில் வாணிகம் புரியும் கீரைக்காரப் பெண்ணையும் விளக்கடியில் அமர்த்தி, "அணில், ஆடு, இலை, ஈ" என ஒப்பிக்கச் சொல்கின்றனர். பகலெல்லாம் ஆடு மேய்த்தவருக்கு இரவில் ஆட்டின் படம்! நான்காம் நாள் அவர்கள் வாரார். உடனே ஏட்டில் ஏறுகிறது, "ஆர்வமில்லை" என்ற தீர்ப்பு. என்னே நீதி!

முதியவர் வெற்றுப் பலகையாக வருவதில்லை. வாழ்வின் பட்டறிவையெல்லாம் சுமந்து வருகிறார். அவருக்குப் பாடம் வகுப்போர் முதலில் வினவ வேண்டியது, "கற்றபின் இவர் எதைச் செய்ய வேண்டும்?" என்பதே. கடன் பத்திரத்தைப் படித்தறிய வேண்டுமெனில், பாடம் பத்திரத்திலிருந்தே தொடங்கட்டும். தேர்வும் அதுவே ஆகட்டும். பத்திரத்தைக் கையில் கொடுத்து, "வட்டி எவ்வளவு?" எனக் கேளுங்கள். அவர் விழித்தால், தோற்றது உமது பாடம்!

பிரேசில் நாட்டுப் பவுலோ பிரெய்ரே இவ்வழி நடந்தார். கற்போரின் வாயில் வழங்கிய சொற்களையே திரட்டினார். செங்கல்லைக் குறிக்கும் 'திஜோலோ' என்ற சொல்லைத் தி, ஜோ, லோ எனப் பிரித்து, அவ்வசைகளின் இனங்களைக் கொண்டு புதுச்சொற்களைத் தொழிலாளரே ஆக்கச் செய்தார். 1963இல் ஆங்கிகோஸ் என்னும் சிற்றூரில் ஏறத்தாழ 300 தொழிலாளர்க்கு 40 மணி நேரத்தில் எழுத்தறிவிக்கும் முயற்சி நடந்தது. 1964இல் ஆட்சியைப் பறித்த படையினர் அவரைச் சிறையிலிட்டனர். செங்கல்லைப் படித்தவன், கட்டிய மாளிகை யாருக்கென்றும் கேட்பான் என அஞ்சினர் போலும்!

அயல்நாட்டுக் கதை என்பீரோ? 1991இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு மிதிவண்டியையும் பெண்களுக்குக் கற்பித்தது. ஆயிரமாயிரம் பெண்கள் ஏறினர், ஓட்டினர். கல்லுடைத்த கைகள் வண்டியைச் செலுத்தின. ஏளனம் பேசிய தெருக்கள் வழிவிட்டன. வளைந்தது ஊரின் வழக்கமும் அன்றோ?

படிக்கத் தெரியாத பத்திரத்தில் பதியும் பெருவிரல், பாட்டன் தேடிய நிலத்தையும் பறிகொடுத்துவிடும். மைப்பெட்டியோடு காத்திருப்போர் பலர். அவர்கள் முந்துமுன், பாடத்தை வளையுங்கள். ஐம்பதும் வளையும், அறுபதும் எழும்!